ஒரு ராப் ஆல்பமும் தீராமல் போன சண்டையும்



ராப் என்றால் தங்கச் சங்கிலி, கார், ‘நான்தான் பெரியவன்’ என்ற வீம்பு என்றே நினைத்திருந்தேன். போன வாரம் பேத்தி ஹெட்போனை என் காதில் மாட்டி, 2009 செப்டம்பரில் வந்த ‘மேன் ஆன் தி மூன்’ ஆல்பத்தைப் போட்டாள். பாடியவர் பெயர் கிட் கடி. சிரிக்காதீர்கள், பெயரே அதுதான். அவருடைய முதல் ஆல்பம் அது. பிறகு அவர் கதையைத் தேடிப் படித்தேன்.

1984இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். அம்மா பள்ளியில் பாட்டு டீச்சர். அப்பா பெயின்டர், அவ்வப்போது மாற்று ஆசிரியராகவும் போவார். மகனுக்குப் பதினொரு வயதானபோது புற்றுநோயில் இறந்துவிட்டார். பையன் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியரையே குத்துவேன் என்று மிரட்ட, பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். (அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தேன்.)

பாட்டு கனவோடு நியூயார்க் போனார், கடைகளில் வேலை பார்த்தார். தங்க இடம் கொடுத்த உறவினர், வேறு வீடு கிடைக்கும் முன்பே வெளியேறச் சொல்லிவிட்டார். கோபத்தில் பேச்சு நின்றது. சமாதானம் ஆகும் முன் 2006இல் அந்த உறவினர் இறந்துபோனார். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் ‘டே அண்ட் நைட்’ பாட்டு. தூக்கம் வராமல் இரவில் அலையும் தனிமைக்காரன் கதை. அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

மனப்போராட்டத்தை ராப்பில் சொன்ன முதல் ஆள் இவர் இல்லை. ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் குழு 1991இலேயே சொன்னது. அந்தப் பாட்டுதான் தனக்கு முன்மாதிரி என்று இவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இவர் ஆல்பம் முழுவதையும் அதற்கே கொடுத்தார். ஐந்து பகுதிகள், நடுவே காமன் என்ற மூத்த ராப்பர் கதை சொல்கிறார். ராப்போடு நிற்காமல் எம்ஜிஎம்டி என்ற இண்டி குழுவையும், ராட்டாடாட் என்ற மின்னணு இசை இரட்டையரையும் ஒரே பாட்டில் சேர்த்தார். பாதி பேச்சு, பாதி முனகல். கைத்தட்டலுக்கான தாளமே இல்லை, கீழே மெஷின் ஒலி மட்டும் மிதக்கிறது. தனியாக இருப்பவனுக்கு அது சரியாகத்தான் பொருந்துகிறது.

2016இல் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறப் போவதாக அவரே வெளிப்படையாக எழுதினார்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், 1994இல் ஏழாம் வகுப்பில் ஒருவனை ‘இனி என் வகுப்புக்கு வராதே’ என்றேன். அவன் பள்ளிக்கே வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. அந்த செட் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும்; பெயரைக் கமெண்டில் போட வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் இன்பாக்ஸில் நம்பர் அனுப்புங்கள்.