தன் தீர்ப்புக்குத் தானே கட்டுப்பட்ட வேட்பாளர்: வி.ஆர். கிருஷ்ணய்யரும் 1987 குடியரசுத் தலைவர் தேர்தலும்

முன்னுரை

1987 ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமன் 7,40,148 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார். எதிர்க்கட்சிகள் நிறுத்திய வி.ஆர். கிருஷ்ணய்யருக்குக் கிடைத்தது 2,81,550. காங்கிரஸின் பலம் தெரிந்த எவருக்கும் இந்த முடிவு வியப்பளித்திருக்காது. அதனாலேயே இதை வெறும் அடையாளப் போட்டி என்று ஒதுக்கிவிடுவது எளிதாகிறது. ஆனால் அமைச்சரவையின் அறிவுரைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவர் என்று 1974இல் விரிவாக எழுதியவர் இதே கிருஷ்ணய்யர். பிரதமரை எதிர்த்து நிற்கும் குடியரசுத் தலைவர் வேண்டும் என்ற எண்ணம் டெல்லியில் பரவியிருந்த ஆண்டில் அவர் அப்பதவிக்கு நின்றது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். வகித்த பதவிக்குச் சட்டம் தந்த கருவியைக் கடைசிவரை பயன்படுத்துவது, தராத கருவியைத் தொடாதிருப்பது: அவருடைய பொதுவாழ்வு முழுவதிலும் காணப்படும் இந்த ஒழுங்கு 1987க்கும் பொருந்தும்.

அமைச்சர்

பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தில் வந்த கிருஷ்ணய்யர், தலச்சேரியில் வழக்கறிஞரானார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்ற பேரில் 1948இல் சிறை சென்றார். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1957இல் தலச்சேரியிலிருந்து கேரளச் சட்டமன்றத்துக்கும் சுயேச்சையாகத் தேர்வாகி, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்டம், சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம் முதலிய துறைகளை ஏற்றார். ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகள் அவ்வாண்டே கேரளத்தில் வந்தன. சிறையை உள்ளிருந்து பார்த்தவர் சிறைத்துறை அமைச்சரானது அரிய நிகழ்வு.

எல்லைப்புறத் தமிழர்களுக்கு அந்த அமைச்சரவை நேரடி அனுபவம். மூணாறை அடுத்த சித்திரபுரத்தை ஒட்டிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 முதல் இயங்கி வந்தது. 1957இல் அது கிருஷ்ணய்யரின் துறைக்குள் வந்தது. மலைக்கு இந்தப்பக்கம், தமிழ்நாட்டில், காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையை வைத்திருந்தவர் ஆர். வெங்கட்ராமன். முப்பது ஆண்டுகள் கழித்து எதிரெதிரே நின்ற இருவரும் அன்று பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் அமைச்சர்கள்.

அந்த ஆட்சியைச் சீர்திருத்தத்தின் பொற்காலமாக மட்டும் எழுதவும் முடியாது. தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வென்ற அதே 1958இல், மூணாறு தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின்போது காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு என்பதால், அந்தக் கணக்கில் கிருஷ்ணய்யருக்கும் பங்குண்டு.

1959 ஜூலை 31 அன்று அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும், மத்திய அமைச்சரவையின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அறிவுரைக்குக் கட்டுப்பட்ட கையெழுத்து என்ன செய்யும் என்பது கிருஷ்ணய்யருக்குப் பட்டறிவு. 1960 தேர்தலில் 7 வாக்கில் தோற்றபோதும் அவர் நாடியது வழக்கு மன்றத்தையே. தேர்தல் மனுவின் மூலம் 1961இல் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

நீதிபதி

1973இல் உச்ச நீதிமன்றம் சென்ற அவரைப் 'பதவியின் எல்லை மீறியவர்' என்று விமர்சித்தவர்கள் உண்டு. மோத்தி ராம் வழக்கு (1978) இதற்கு நல்ல சோதனை. ஒரு கொத்தனாருக்கு மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார். அவருடைய சகோதரர் பொறுப்பேற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தமிழரோ மலையாளியோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. இதில் புதிய சட்டம் எதையும் அவர் இயற்றவில்லை. நடைமுறைச் சட்டத்தில் இருந்த ஜாமீன் அதிகாரத்தைக் கையில் காசில்லாதவன் பக்கமிருந்து படித்தார். திகார் கைதி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தை ஆட்கொணர்வு மனுவாக ஏற்றதும் இவ்வகையே.

இதன் மறுபக்கம் 1975 ஜூன் 24. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டு வந்த மனுவை விடுமுறைக்கால நீதிபதியாக அவர் விசாரித்தார். பிரதமராகத் தொடரலாம், அவையில் பேசலாம். ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, சம்பளம் பெறக் கூடாது என்று ஆணையிட்டார். அவர் பிரதமரை இறக்கவுமில்லை, முழுமையாகக் காப்பாற்றவுமில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

சம்ஷேர் சிங் வழக்கில் (1974) நீதிபதி பகவதியோடு சேர்ந்து அவர் எழுதிய தீர்ப்புரையிலும் இதே அளவீடு உண்டு. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். பிரதமரைத் தேர்வது, பெரும்பான்மை இழந்தும் விலக மறுக்கும் அரசை நீக்குவது, அவையைக் கலைப்பது போன்ற சில சூழல்களே விலக்கு. மற்றபடி அவருக்கு எஞ்சுவது கலந்தாலோசிக்கப்படுவது, எச்சரிப்பது, ஊக்குவது ஆகியவை. 1959இன் காயம் பேசியிருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்கும். 1980இல் மாரு ராம் வழக்கில் மன்னிப்பு அதிகாரத்துக்கும் இவ்விதியையே அவர் நீட்டினார்.

வேட்பாளர்

1987இல் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்குக்கும் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் இடையே உறவு முறிந்திருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதா ஒப்புதலின்றிக் கிடந்தது. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நீக்குவாரா என்றுகூடப் பேசப்பட்டது. அந்தச் சூட்டில்தான் எதிரணி கிருஷ்ணய்யரை நிறுத்தியது.

தோற்கப்போகும் அணி, ஓய்வு பெற்ற நீதிபதியின் நற்பெயரைக் கடன் வாங்கியது என்று இதை வாசிக்கலாம். அந்த வாசிப்பில் உண்மை உண்டு. 1967இல் தலைமை நீதிபதிப் பதவியைத் துறந்து நின்ற சுப்பா ராவ், 1982இல் நின்ற எச்.ஆர். கன்னா ஆகியோரும் எண்ணிக்கை இல்லாத அணியின் வேட்பாளர்களே. பாலக்காட்டுத் தமிழரான டி.என். சேஷன் 1997இல் கே.ஆர். நாராயணனின் 9,56,290க்கு எதிராகப் பெற்றது 50,631 மட்டுமே. வெளியிலிருந்து வரும் சீர்திருத்தவாதியின் புகழ் இந்த வாக்காளர் தொகுதியில் செல்லுபடியாவதில்லை. 1960இல் தலச்சேரியில் 7 வாக்கு முடிவைத் தீர்மானித்தது. இங்கோ ஒரு தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பே 176, அதுவும் பெரும்பாலும் கட்சி முடிவின்படி விழுவது.

ஆயினும் அந்த வாசிப்பு, நிறுத்தியவர்களின் நோக்கத்தை வேட்பாளரின் நோக்கமாக எடுத்துக்கொள்கிறது. கிருஷ்ணய்யர் எப்படிப்பட்ட குடியரசுத் தலைவராக இருப்பார் என்பது 1974 முதலே சட்ட அறிக்கைகளில் அச்சாகியிருந்தது. எச்சரிக்கும் உரிமையைச் சிறைக்கைதிகளுக்காகவும் ஜாமீன் கிடைக்காத ஏழைகளுக்காகவும் அவர் ஓயாது பயன்படுத்தியிருப்பார் என்று நம்ப இடமுண்டு. அதற்கப்பால் போக அவருடைய எழுத்தே தடை.

முடிவுரை

இந்தியக் குடியரசுத் தலைவர் பதவி சீர்திருத்தவாதிக்குக் குரலைத் தரும். ஆணையிடும் அதிகாரத்தைத் தராது. அந்த வரம்பை வகுத்தவர்களில் ஒருவரே அதை ஏற்று நின்றார் என்பதில்தான் 1987 போட்டியின் சிறப்பு இருக்கிறது. ராஜீவ் அரசுக்கு மக்களவையில் 400க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். சம்ஷேர் சிங் தீர்ப்பு சொல்லும் விலக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. எனவே கிருஷ்ணய்யர் வென்றிருந்தால், பிரதமரை நீக்கும் கையெழுத்தை எதிர்பார்த்தவர்களே முதலில் ஏமாந்திருப்பார்கள்.