திரை விளையாட்டின் குணமும் குற்றமும்

விளையாட்டை வீண்செயல் என்று ஒதுக்கிய மரபு நம்முடையதன்று. சங்கச் செய்யுட்களில் மகளிர் கழங்காடுகின்றனர். சிறுவர் சிறுதேர் உருட்டுகின்றனர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் கடைசி மூன்றும் விளையாட்டுகளே என்பதைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற் பிள்ளைக்கு நீராடல், அம்மானை, ஊசல். அதே வேளையில் சூதைத் தனியே பிரித்தெடுத்து அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆட்டம் வேறு, சூது வேறு என்னும் தெளிவு நம்மிடம் நெடுங்காலமாகவே உண்டு. திரையில் ஆடும் இக்கால விளையாட்டுகளை நிறுத்துப் பார்ப்பதற்கும் இத்துலாக்கோலே போதும் என்பது என் கருத்து.

இவ்விளையாட்டுகளைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு உண்டு. கண் கெடும், கல்வி கெடும் என்று கடிந்துரைப்பார் ஒரு சாரார். காலத்தோடு ஒட்டி நடக்க வேண்டும் என்று கையை விரிப்பார் மற்றொரு சாரார். இருவருமே எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றனர். அவற்றின் வரலாற்றைச் சற்றே புரட்டினாலும் அவை ஒன்றல்ல என்பது விளங்கும்.

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியலார், அலைகாட்டியின் சிறு திரையில் டென்னிஸ் போன்றதோர் ஆட்டத்தை அமைத்தார். ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருவோர் சலிப்படையாதிருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர் கையிலிருந்து இவ்வாட்டம் பிறந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இளைஞர் சிலர் பெருங்கணினி ஒன்றில் விண்வெளிப் போர் ஆட்டம் ஒன்றை உருவாக்கினர். இவ்விரண்டும் எவரிடமும் காசு கேட்கவில்லை. 1972இல் அட்டாரி நிறுவனம் ‘போங்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டபோது, பெட்டியின் முகப்பில் காசு போடும் துளை இவ்வரலாற்றில் நிலைபெற்றது.

அத்துளையின் தேவைக்கேற்பவே ஆட்டத்தின் அமைப்பும் மாறியது. 1978இல் ஜப்பானியராகிய தொமோஹிரோ நிஷிகாடோ, தைட்டோ நிறுவனத்திற்காக ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டத்தை இயற்றினார். வானிலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் பகைவரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பகைவர் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து பாய்வர். இது முதலில் திட்டமிட்டுச் செய்யப்பட்டதன்று. எல்லா உருவங்களையும் ஒருசேர நகர்த்த அக்காலக் கணிப்பொறிக்கு வலுப்போதவில்லை. உருவங்கள் குறைந்ததும் சுமை குறைந்து வேகம் தானே கூடிற்று. நிஷிகாடோ அக்குறையைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். ஆடுவோர் நெஞ்சு படபடக்கும் அந்தக் கடைசிக் கணங்கள் பொறியின் இயலாமையில் பிறந்தவை. இத்தகைய நுட்பத்தைக் கலை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

ஈராண்டு கழித்து, 1980இல், தோரு இவாதானி ‘பேக்மேன்’ ஆட்டத்தை உருவாக்கினார். சுடுவதும் கொல்வதுமாகவே இருந்த கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று எண்ணிய அவர், உண்ணுதலை ஆட்டத்தின் பொருளாக்கினார். திரை விளையாட்டு என்றாலே வன்முறை என்று பேசுவோர், உலகெங்கும் பரவிய இவ்வாட்டத்தின் நாயகன் புள்ளிகளைத் தின்று திரியும் வெறும் வாய் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இப்பொறிகள் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் வந்து பெருகிய எண்பதுகளில் நம் மக்களின் வாழ்விடமும் மாறிக்கொண்டிருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டும் மறைந்தன. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளிலும் அடுக்குமாடிகளிலும் ஒண்டின. கிள்ளானையடுத்த புக்கிட் ராஜா தோட்டத்து நிலம் இன்று நகராகிவிட்டது. லயத்து முற்றத்தில் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களுக்கு முற்றமே முதற்பொருள். சடுகுடுவுக்கு மண் வேண்டும். கிட்டிப்புள்ளுக்கு வெளி வேண்டும். பாண்டிக்குக் கோடு கிழிக்க ஓரிடம் வேண்டும். அடுக்குமாடியின் நடைவழியில் இவற்றுள் எதற்கு இடமுண்டு?

இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நாம் பல்லாங்குழி என்பதை மலாய் மக்கள் சொங்காக் என்பர். நம் பலகையில் இரு வரிசையாகப் பதினான்கு குழிகள். அவர்கள் பலகையில் பொதுவாக அவற்றோடு இரு முனைகளிலும் ‘வீடு’ எனப்படும் பெருங்குழி ஒவ்வொன்று. நாம் மஞ்சாடி என்னும் செவ்விதையை அவர்கள் சாகா என்பர். நம் ஐந்தாங்கல் அவர்களிடம் பத்து செரம்பான். ஒரு மலாய்ச் சிறுமியும் ஒரு தமிழ்ச் சிறுமியும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே எதிரெதிர் அமர்ந்து ஆடிவிடலாம். அவ்வாட்டத்தில் எண்ணிக்கையும் உண்டு, முன்யோசனையும் உண்டு, எதிரிலிருப்பவர் முகத்தைப் படிக்கும் பயிற்சியும் உண்டு. திரை விளையாட்டு வந்து இவற்றை விரட்டியது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முற்றம் போயிற்று, ஆட்டம் போயிற்று, வெற்றிடத்தில் பொறி வந்து அமர்ந்தது. இதுவே நிகழ்ந்த வரிசை எனலாம்.

பொறி நிரபராதி என்று சொல்ல வரவில்லை. கூடங்கள் பெருகியபோது, மாணவர் பள்ளிக்கு மட்டம் போட்டு அங்கே கிடக்கின்றனர் என்ற முறையீடும் பெருகியது. இம்முறையீடு நமக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1981இலேயே அதிபர் மார்கோஸ் வீடியோ விளையாட்டுப் பொறிகளைத் தடைசெய்தார். மலேசியாவில், விளையாட்டுப் பொறி என்ற பெயரில் சூதாட்டப் பொறியும் உள்ளே நுழைகிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வாண்டு முடிவுக்குள் வீடியோ விளையாட்டுக் கூடங்கள் அனைத்தும் மூடப்பட வேண்டும் என்ற அரசாங்கத்தின் முடிவை அன்றைய துணைப் பிரதமர் அப்துல்லா அகமது படாவி அறிவித்தார். பெற்றோர் பலர் பெருமூச்சு விட்டனர்.

ஆனால் விளைந்தது என்ன? அதற்குள் இணையம் வந்துவிட்டிருந்தது. மாணவர் இணைய மையங்களுக்குப் பெயர்ந்து ‘கவுண்டர் ஸ்டிரைக்’ ஆடினர். இரவுச் சந்தைகளில் கள்ளப்பதிப்பு வட்டுகள் மலிவாகக் கிடைத்தன. பின்னர்த் திறன்பேசி வந்தது. கூடமே சட்டைப்பைக்குள் புகுந்துகொண்டது. கூடத்திற்குக் கதவு இருந்தது. அதை அடைக்க முடிந்தது. பொழுது சாய்ந்தால் பையனைத் தேடிப் போகத் தந்தைக்கு ஓர் இடமாவது தெரிந்திருந்தது. கேடு இடத்தில் உறைகிறது என்று எண்ணி இடத்தை மூடினோம். அது ஆட்டத்தின் அமைப்பில் உறைகிறதா என்று அன்று கேட்டவர் குறைவு.

குணங்களை முதலில் எடை போடுவோம். 2003இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீனும் டாப்னி பவெலியரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விரைவாட்டங்களை ஆடிப் பழகியவர் கண்ணுக்குப் பட்டவற்றுள் வேண்டியதைப் பிரித்தறிவதில் மற்றவரினும் வல்லவராயிருந்தனர். பழக்கமில்லாதவரும் பயிற்சியால் அவ்வன்மையை ஓரளவு பெற்றனர். இது கண்ணின் கவனத்தைப் பற்றியது. இதை வைத்துக்கொண்டு, விளையாடினால் கட்டுரை நன்றாக எழுதலாம் என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டியதில்லை.

திறமைக்கு மதிப்பும் வந்துவிட்டது. 2013இல் டோட்டா 2 ஆட்டத்தின் உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாமிடம் பெற்றது. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கினர். ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ உலகப் போட்டி அதே ஆண்டிலும், பின்னர் 2024இலும் கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியரான வான் ஹஸ்மர் ஜப்பானில் பணியாற்றித் திரும்பிவந்து, தம் நிறுவனத்தின் வாயிலாக ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ என்னும் ஆட்டத்தை 2020இல் வெளியிட்டார். ஓவியமும் இசையும் கணிதமும் கதையும் கூடிய ஒரு தொழில் நம் நாட்டிலேயே வேரூன்றியிருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லி ஒதுக்கினால் நம் பிள்ளைகளுக்கே நட்டம்.

குற்றம் எது? வன்முறையைத்தான் பலரும் முதலில் சுட்டுவர். அமெரிக்க உளவியல் கழகம் 2020இல் இதுகுறித்துத் தன் நிலையைத் தெளிவுபடுத்தியது: கூச்சலிடுதல், பிடித்துத் தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு வன்முறை ஆட்டங்களுக்குச் சிறு தொடர்பு உண்டு, கொடுஞ்செயல்களுக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய சான்று இல்லை. இவ்வளவில் அதை விட்டுவிடலாம். எனக்குக் கவலை தருவது வேறு.

காசுத்துளைக் காலத்து ஆட்டம் விரைவில் முடியவேண்டிய ஆட்டம்; அடுத்தவன் காசோடு பின்னால் நிற்கிறான். இன்றைய திறன்பேசி ஆட்டங்களில் பல முடியவே கூடாத ஆட்டங்கள். உள்ளே நுழையக் காசில்லை. நாள்தோறும் வந்தால் நாள்தோறும் பரிசு. ஒருநாள் தவறினால் சேர்த்தது கைவிட்டுப் போகிறது. அதன்பின் பரிசுப் பெட்டி வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே காசு கொடுத்துத் திறக்க வேண்டும். நூறு பெட்டியில் ஒன்றில் நல்ல பொருள், மற்றவற்றில் குப்பை. இதற்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதில்லை. தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தின் தலைப்பாகவே இருக்கிறது. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகள் சில சூதாட்டமே என்று முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம், 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப்பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையைச் சேர்த்தது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தலும், மற்றக் கடமைகளுக்கு மேலாக அதை வைத்தலும், கேடு கண்டும் விடாமையும் அதன் அடையாளங்கள். விளையாடுவோர் எல்லாரும் நோயாளர் என்று அது சொல்லவில்லை. குறளில் சூது என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்பது மருந்து என்னும் அதிகாரம். தற்செயலாயினும் பொருத்தந்தான்.

சீன அரசு 2021இல், பதினெட்டு வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதித்தது. கடிகாரத்தைப் பூட்டினார்களே தவிர, முடியாதபடி ஆட்டத்தை அமைக்கும் சூட்சுமம் அப்படியே இருக்கிறது. 2001இல் நாம் கதவைப் பூட்டியதும் இதுபோன்றதே.

மற்றொரு குறை தமிழாசிரியர் கண்ணுக்குத்தான் முதலில் படும். பிரிக்பீல்ட்ஸ் சிறுவன் ஆடும்போது அவன் வாயிலிருந்து வரும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். வெற்றி, தோல்வி, தாக்கு, பின்வாங்கு என்பனவெல்லாம் ஆங்கிலத்தில், சில வேளை மலாயில். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவன், தான் மிகவும் மகிழும் நேரத்தில் தமிழைப் பயன்படுத்துவதில்லை. இந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும் நிலை இது.

இங்குதான் ‘வெண்பா’ என்னும் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் அதை வெளியிட்டது. வெண்பா என்பது அதில் ஒரு தாயின் பெயர். கணவர் பாவலன், மகன் கவின். எண்பதுகளில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த அக்குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே ஆடுகிறோம். வெண்பாவின் தாயார் எழுதித் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விடுபட்ட முறையை ஆடுவோரே ஊகித்தறிய வேண்டும். முதலாவதாக வருவது இட்டலி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஊடுருவிப் போகும் என்பதே புதிர். நம் வீட்டுப் பாட்டியர் கை அறிந்த அறிவு அங்கே விடுகதையாகிறது. மகனோ வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். பின்னாளில் தாயின் குறிப்பேட்டைத் தானே விரித்துவைத்துச் சமைக்க முயலும்போது, அதன் தமிழ் எழுத்துகளில் தடுமாறுகிறான். 2024இல் பிரித்தானியத் திரைப்படக் கலைக்கழகம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது.

இதற்கும் குறையுண்டு. புதிர்கள் எளியவை, தோற்பதற்கு இடமில்லை, கதையின் போக்கை ஆடுவோர் மாற்ற இயலாது. போட்டியை விரும்பும் பதின்மூன்று வயதுச் சிறுவன் இதைப் பாதியில் வைத்துவிடக்கூடும். இருப்பினும், கிள்ளானில் ஒரு தமிழ் வகுப்பறையில் இதைத் திரையிட்டு, ஒரு மாணவி ஆட மற்றவர் சூழ்ந்திருந்து வழிசொல்ல, குறிப்பேட்டின் விடுபட்ட வரிகளைத் தமிழில் எழுதச் சொல்லலாம். தட்டு, துளை, ஆவி, மாவு, பதம் என்று சொற்கள் தாமே வந்து சேரும். பரிசுப் பெட்டி எதுவும் அதில் இல்லை. ஒன்றரை மணி நேரத்திற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.