பட்டு இழையும் கவுதாரி இறகும்

மீன் தின்னாத நயினார் ஒருவன் தூண்டிலைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் சிரிக்கலாம். என்னை அங்கே இழுத்துப் போனது என் தொழில்தான். ஆரணிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகப் பட்டு நூல் விற்கிறேன். பட்டு எங்கெங்கே போயிற்று என்று தேடிப் படிக்கப்போய், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் ஆற்றங்கரையில் போய் நின்றேன்.

அங்கே ட்ரவுட் மீனுக்குக் கட்டும் பொய்ப்பூச்சி மிகச் சிறியது. பொடி முள்ளில் ஆரஞ்சுப் பட்டு இழையை நெருக்கமாகச் சுற்றுவார்கள். அதுதான் உடம்பு. தலைப்பக்கம் கவுதாரியின் மெல்லிறகு ஒன்று, இரண்டே சுற்று. அவ்வளவுதான் வேலை. பட்டு நனைந்தால் நிறம் கருக்கும் என்பது நூல்காரனுக்குத் தெரிந்த சங்கதி. அந்தக் கருப்புதான் பூச்சியின் நிறம். சேவல் இறகு விறைப்பாக நிற்கும். கவுதாரி இறகோ நீரோட்டத்தில் கால்போல் அசையும். ஆற்றின் அடியிலிருந்து மேலெழுந்து சிறகு விரிக்கப்போகும் பூச்சி என்று மீன் நம்பிவிடும்.

இது பழைய வித்தை. 1496இல் விங்கின் டி வோர்ட் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட தூண்டில் நூல் 12 பொய்ப்பூச்சிகளைச் சொல்கிறது. அதிலேயே கவுதாரி இறகு வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் 1857இல் இவ்வகை மெல்லிறகுப் பூச்சிகளைப் போற்றி எழுதினார். யார்க்‌ஷயரின் பிரிட், ஊர்க்காரர்கள் கைவழியாகக் காத்துவந்த அறுபதுக்கும் மேற்பட்ட வகைகளை 1885இல் நூலாக்கினார். அவர் எழுதி வைக்காவிட்டால் எத்தனை மறைந்திருக்குமோ!

மறு ஆண்டே தென்னிங்கிலாந்தின் ஹால்ஃபோர்டு, நீர்மேல் மிதக்கும் பூச்சிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அதன்பின் மிதப்பதே நாகரிகம், அமிழ்வது பட்டிக்காடு என்றாயிற்று. 1910இல் ஸ்கியூஸ் என்ற வக்கீல், மீன் தன் இரையில் பெரும்பங்கை நீருக்குள்ளேயே தின்கிறதே என்று வாதாடினார். 1975இல் அமெரிக்கர் சில்வெஸ்டர் நீம்ஸ் எழுதிய நூல் மெல்லிறகுப் பூச்சிக்கு மறுவாழ்வு தந்தது.

வெள்ளைக்காரன் தூண்டிலோடு மீனையும் இங்கே கொண்டுவந்தான். 1900இல் காஷ்மீருக்கு ஸ்காட்லாந்து ட்ரவுட் வந்தது; பிறகு நீலகிரியில் வில்சன் என்பவர் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது.

இதையெல்லாம் படித்தபோது, "இத்தனை நுட்பமும் ஓர் உயிரை ஏமாற்றவா?" என்று கோபம் வந்தது. பூச்சியின் நிறம், அது எழும் நேரம், அதன் கால் அசைவு என்று மாதக்கணக்கில் உற்றுப் பார்த்தவர்கள், முடிவில் முள்ளை அல்லவா மறைத்தார்கள்? அப்படி நினைத்துக்கொண்டே கல்லாவில் உட்கார்ந்தேன். எதிரே அலமாரி நிறையப் பட்டுச் சிட்டங்கள். கூட்டோடு புழுவை வெந்நீரில் இட்டு எடுத்த இழை. ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான கூடுகள்.

யார்க்‌ஷயர்க்காரன் ஒரு முள்ளுக்கு ஒரு சாண் இழை சுற்றினான். நான் கிலோக்கணக்கில் விற்றேன். மீனுக்காகப் பேச எனக்கு வாய் எழவில்லை. சென்ற பர்யுஷணத்தில் மன்னிப்புக் கேட்கும்போது பட்டுப்புழுவையும் சேர்த்துக்கொண்டேன். கடையை என்ன செய்வது என்று மகனிடம் பேச்சு நடக்கிறது.