ஊதா மஞ்சளானால் நோய் தீருமா?

மாதுளை ஜூஸ் பாட்டிலிலும் மாத்திரை டப்பாவிலும் இன்று தவறாமல் கண்ணில் படும் சொல் 'ஆன்டி ஆக்சிடன்ட்'. கூடவே 'புற்றுநோயைத் தடுக்கும்' என்ற பேச்சும் வந்துவிடுகிறது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. கொஞ்சம் வேதனையான வரலாறும் கூட!

மிளகாயில் கிடைத்த வைட்டமின்

1928-ல் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜி, மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஆனால் கிடைத்ததோ மிகக் கொஞ்சம். பிறகு செகெட் நகரில் விளையும் பாப்ரிகா மிளகாயில் அது ஏராளமாக இருப்பதைக் கண்டார். அதுதான் வைட்டமின் சி. 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1956-ல் அமெரிக்காவின் டென்ஹம் ஹார்மன் ஒரு கருத்தைச் சொன்னார். உடலில் உருவாகும் ஃப்ரீ ரேடிக்கல் என்னும் நிலையற்ற துகள்கள் செல்களைச் சிதைக்கின்றன, முதுமைக்கு அதுவே காரணம் என்பது அவர் வாதம். அப்படியானால் அவற்றை அடக்கும் பொருள் எதில் அதிகம் என்று தேட வேண்டுமல்லவா?

இரண்டு நிறங்கள்

அதற்கான எளிய வழி 1958-ல் கிடைத்தது. மார்ஸ்டன் பிளாய்ஸ் என்பவர் டி.பி.பி.ஹெச். என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினார். அதன் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறம். ஆன்டி ஆக்சிடன்ட் உள்ள சாரத்தை அதில் சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்கியது என்பதைக் கருவி அளந்து சொல்லிவிடும்.

புற்றுநோய்ச் சோதனைக்கு வேறு வழி. 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவர் அனுமதி இல்லாமலே எடுக்கப்பட்ட செல்கள் கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டே இருந்தன. அவர் அதே ஆண்டில் இறந்தார். 'ஹீலா' என்ற பெயரில் அந்தச் செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. 1983-ல் டிம் மாஸ்மன் எம்.டி.டி. சோதனையைக் கொண்டுவந்தார். உயிருள்ள செல்கள் அந்த மஞ்சள் பொருளை ஊதாவாக்கும், செத்த செல்கள் ஆக்காது. முந்தைய சோதனைக்கு நேர் எதிர்!

பழத்தை உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டினால் சாரம் தயார். செலவு குறைவு, முடிவு சில நாட்களில். அதனால் மாதுளை, திராட்சை, நெல்லி என்று உலகின் பல ஆய்வகங்களில் பழங்கள் வரிசையில் நின்றன.

பின்லாந்து தந்த அதிர்ச்சி

பழமும் காய்கறியும் அதிகம் உண்பவர்களிடம் புற்றுநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டின. காரணம் பீட்டா கரோட்டினாக இருக்கலாம் என்று பலரும் நம்பினார்கள். எனவே 1985-ல் பின்லாந்தில் பெரிய சோதனை தொடங்கியது. புகைப்பழக்கம் உள்ள 29,133 ஆண்கள் பங்கேற்றனர். 1994-ல் வெளியான முடிவு யாரும் எதிர்பாராதது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் அதிகமாக இருந்தது!

அமெரிக்காவில் புகைப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் தரப்பட்டது. அங்கே 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி?

சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை. நாம் உண்ணும் பொருளில் ஒரு பகுதிதான் ரத்தத்தில் சேரும். அதையும் ஈரல் வேறு பொருளாக மாற்றிவிடும். தட்டில் ஊற்றும் அளவு ரத்தத்தில் எட்டவே எட்டாமல் போகலாம். தவிர, தட்டில் உள்ள புற்றுநோய்ச் செல் பினாயில் ஊற்றினாலும்தான் சாகும்! நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் கொல்கிறதா என்பதே கேள்வி.

ஆனால் வியாபாரம் காத்திருக்கவில்லை. 'ஓராக்' என்ற இன்னொரு ஆய்வக அளவீடு 1993-ல் வந்தது. எந்தப் பழத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அமெரிக்க விவசாயத் துறையே பட்டியல் வெளியிட்டது. நிறுவனங்கள் அந்த எண்ணை விளம்பரமாக்கின. சோதனைக் குழாய் எண்ணை வைத்து உடலில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்று கூறி, 2012-ல் அந்தத் துறை பட்டியலையே நீக்கிவிட்டது.

அப்படியென்றால் ஆய்வகச் சோதனை வீணா? இல்லை. நம் ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்காகக் கனடாவில் சோதித்தார்கள். அது எலிகளின் வெள்ளை அணுக்களைக் குறைப்பது தெரிந்தது. அதிலிருந்து 1958-ல் வின்பிளாஸ்டின் பிரிக்கப்பட்டது. அதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. ஆனால் யாரும் அந்த இலையை அரைத்துக் குடிக்கச் சொல்லவில்லை. மருந்தைத் தனியே பிரித்து, அளவு பார்த்து, மனிதர்களிடம் சோதித்த பிறகே தந்தார்கள்.

முள் சீத்தா பழம் புற்றுநோயைக் குணமாக்கும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் வெகுவாகப் பரவியிருக்கிறது. அதன் சாரம் தட்டில் உள்ள செல்களைக் கொன்றது உண்மை. மனிதர்களைக் குணமாக்கியதற்கு நம்பகமான சான்று இல்லை. பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம். ஆனால் அதை நம்பி ஒருவர் சிகிச்சையை நிறுத்தினால், இழந்த மாதங்களை எந்தப் பழமும் திருப்பித் தராது.