மில்டியாடிஸின் ஹெல்மெட் என்ன சொல்கிறது?

கிரேக்க ஹெல்மெட் என்றதும் சினிமாவில் பார்த்த குதிரைமுடிக் கொண்டைதான் ஞாபகம் வரும். முடி மக்கிவிடும், வெண்கலம்தான் மிஞ்சும். கிரீஸில் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கும் மில்டியாடிஸ் ஹெல்மெட் அப்படி மிஞ்சியது. கொரிந்திய வகை, ஒரே தகட்டை அடித்து அடித்து உருவாக்கியது. மூக்குக்கு ஒரு பட்டை, கன்னங்களை மூட இரண்டு பக்கமும் தகடு. வேறு சில கிரேக்க ஹெல்மெட்களில் கன்னத்தில் காட்டுப்பன்றி, ஆட்டுக்கடா எல்லாம் இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவோமே, அந்த மாதிரி கீழ்விளிம்பில் ஒரு வரி மட்டும். 'மில்டியாடிஸ் ஜியஸுக்குக் காணிக்கையாக வைத்தது' என்று அர்த்தம்.

அவ்வளவுதான். எந்தப் போர், யாரை ஜெயித்தார், ஒன்றும் இல்லை.

கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகர்களை எதிர்த்த ஏதென்ஸ் தளபதிகள் பத்துப் பேரில் மில்டியாடிஸும் ஒருவர். அதனால் இது மாரத்தானில் அவர் போட்ட ஹெல்மெட் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அவர் அதற்கு முன்பே திரேஸ் பக்கம் கெர்சோனீஸில் பல வருஷம் ஆட்சி செய்தவர். லெம்னோஸ் தீவைப் பிடித்தவர். அந்தக் காலத்துக் காணிக்கையாகவும் இருக்கலாம் இல்லையா?

ஒலிம்பியாவிலேயே கிடைத்த இன்னொரு ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கூம்பு வடிவம், கிரேக்க பாணியே இல்லை. அதன் வாசகம்: ஏதென்ஸ்காரர்கள் ஜியஸுக்கு, மீடியர்களிடமிருந்து எடுத்தது. (பாரசீகர்களையும் கிரேக்கர்கள் மீடியர் என்றுதான் சொல்வார்கள்.) இங்கே தோற்றவன் பெயர் இருக்கிறது, தளபதி பெயர் இல்லை. ஊர் மட்டும்தான்.

கி.மு. 474இல் குமே கடற்போரில் எட்ருஸ்கர்களைத் தோற்கடித்த சிராக்யூஸ் மன்னர் ஹைரோன் எல்லாவற்றையும் எழுத வைத்துவிட்டார். தன் பெயர், அப்பா பெயர், ஊர்மக்கள், எதிரி, போர் நடந்த இடம். எதிரியின் அந்த ஹெல்மெட் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மன்னருக்கு அந்தச் சலுகை உண்டு.

மில்டியாடிஸ் கதை வேறு. மாரத்தான் முடிந்த கொஞ்ச நாளிலேயே பாரோஸ் தீவின் மேல் படையெடுத்துத் தோற்றுத் திரும்பினார். மக்களை ஏமாற்றினார் என்று வழக்கு. உயிர் தப்பியது, அபராதம் 50 தாலந்து. தொடையில் பட்ட காயம் அழுகி இறந்துபோனார் என்கிறார் ஹெரோடோட்டஸ். பணத்தை மகன் கிமோன் கட்டினார்.