முக்கோண எஞ்சினும் கூடப் பிறந்த பழிகளும்

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களின் கையால் நடந்திருந்தால் ‘சோதனை வகை’ விமானமாகப் பதிவு கிடைத்துவிடும். எந்த எஞ்சின் வைக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்துவதில்லை. சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பல்லரும் ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம் சோதனையாகப் பறந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் 40 மணி நேரம். இந்தச் சந்து வழியாகத்தான் மஸ்தா காரின் 13பி ரோட்டரி எஞ்சின் ஆகாயம் ஏறியது. விமான நிலையத்தில் அதன் மூடியைத் திறந்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பவர் ஏதாவது ஒரு பழியைச் சொல்லிவிட்டுப் போவார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழிகள் பெரும்பாலும் கட்டுக்கதை அல்ல. ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் எஞ்சினில் உண்மையாக இருந்தவை.

எண்ணெய் தெறிக்கும், மூக்கு இழுக்கும் என்ற முதல் பழி இந்த எஞ்சினுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1908-09 வாக்கில் பிரான்சின் செகென் சகோதரர்கள் ‘நோம்’ ரோட்டரி எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். அதில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும். சுழலும்போது படுகிற காற்றே குளிரூட்டும். மசகுக்கு விளக்கெண்ணெய். எரியாத எண்ணெய் விமானியின் முகத்தில் தெறிக்கும், வாய்க்குள்ளும் போகும். வயிற்றுக்கு என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு கனம் முன்னால் சுழன்றதால் திரும்பும்போது மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் விமானத்தில் பயிற்சி மாணவர்கள் பலர் உயிரை விட்டதற்கு அந்த இழுப்பும் ஒரு காரணம். போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்த வகை மறைந்தது. மஸ்தா எஞ்சினோடு அதற்கு இருக்கும் உறவு பெயர் மட்டும்தான்.

இன்றைய ரோட்டரியின் கதை ஜெர்மனியில், 1902-ல் லார் நகரில் பிறந்த ஃபெலிக்ஸ் வாங்கெலிடம் தொடங்குகிறது. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. கடுமையான கிட்டப்பார்வை, கார் ஓட்ட உரிமம் வாங்கியதே இல்லை. முதல் காப்புரிமை 1929-ல். இளமையிலேயே நாஜி இயக்கத்தில் சேர்ந்தார். உள்கட்சிச் சண்டையில் சிறைக்கும் போனார். பிறகு அதே ஆட்சிக்காக விமான எஞ்சின்களுக்குச் சுழல் வால்வுகள் செய்தார். சுழலும் பாகத்தில் வாயு கசியாமல் அடைப்பது எப்படி என்ற வித்தையை அந்த வேலைதான் வளர்த்தது.

1951-ல் என்எஸ்யு நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1957 பிப்ரவரியில் முதல் எஞ்சின் ஓடியது. உள்ளே ரோட்டரும் சுழலும், அதைச் சுற்றிய கூடும் சுழலும். ஸ்பார்க் பிளக் மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். அங்கே பொறியாளராக இருந்த ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் சுழலவிட்டார். தன் வடிவத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று வாங்கெல் வருந்தினார். காரில் விற்பனைக்கு வந்தது பாஷ்கேயின் வடிவம்தான். புகழ் முழுவதும் வாங்கெலுக்குப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றும். “நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றா? சிதறிவிடுமே!” என்று பதறுகிறவருக்கு இங்கேயே பதில் இருக்கிறது: அப்போது ரோட்டர் சுற்றுவது இரண்டாயிரம்தான். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனும் அதில் இல்லை.

சீல் உடையும் என்ற பழிக்குப் பிறந்த ஆண்டு 1967. என்எஸ்யு விற்ற ஆர்ஓ 80 காரில் முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுத்தே நிறுவனம் தளர்ந்தது. 1969-ல் வோக்ஸ்வாகன் கைக்குப் போனது. 1961-லேயே உரிமம் வாங்கியிருந்த மஸ்தாவும் இதே சிக்கலில் மாட்டியது. அறைச் சுவரில் வரிவரியாக விழுந்த கீறல்களைப் பார்த்து ‘பிசாசின் நகக்கீறல்’ என்றார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்து, கார்பனில் அலுமினியம் ஊறவைத்த சீலைக் கண்டுபிடித்தார்கள். 1967-லேயே காஸ்மோ கார் விற்பனைக்கு வந்தது. நான்கு ரோட்டர் வைத்த மஸ்தா கார் 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இன்று சீல் உடைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எரிபொருள் அறைக்குள் தாறுமாறாக வெடிப்பதை. டர்போ போட்டு முறுக்கும் கார்க்காரர்களின் அனுபவம் அது. டர்போ இல்லாமல் பறப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு.

எரிபொருள் குடிக்கும் என்பது 1973 எண்ணெய் நெருக்கடியில் ஒட்டிக்கொண்ட பெயர். இதை முழுக்கத் துடைக்க முடியாது. எரியும் அறை நீண்டு மெலிந்தது. வெப்பம் சுவரில் வீணாகிறது. சீரான வேகத்தில், காற்று அதிகமான கலவையில் பறக்கும்போது குறை சுருங்குமே தவிர, மறையாது.

ஆதரவாளர்களும் சளைத்தவர்கள் அல்ல. “1.3 லிட்டரில் இவ்வளவு சக்தி” என்பார்கள். ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டருக்கு ஒரு வெடிப்பு உண்டு, ஆகவே 2.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வைத்து ஒப்பிடுவதுதான் நியாயம். “அசையும் பாகம் மூன்றே மூன்று” என்பது இன்னொரு பெருமை. இரண்டு ரோட்டர், ஒரு ஷாஃப்ட், கணக்கு சரிதான். ஆனால் 5.9 லிட்டர் லைக்கமிங் விமான எஞ்சின் 2,700 சுற்றிலேயே 180 குதிரைத்திறன் தந்து புரொப்பல்லரை நேராகச் சுற்றுகிறது. ரோட்டரி அதன் இரண்டு மடங்குக்கு மேல் சுற்றினால்தான் சக்தி தரும். புரொப்பல்லரை அவ்வளவு வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலி வேகத்தைத் தாண்டிவிடும். எனவே நடுவில் கியர் பெட்டி. அதோடு ரேடியேட்டர், நீர் பம்ப், எண்ணெய்க் கூலர், கரண்ட் போனால் நின்றுவிடும் மின்னணு இக்னிஷன்.

எண்ணெய்க் கூலரில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரோட்டரின் உட்புறத்தைக் குளிரவைப்பது எண்ணெய். குளிரூட்ட வேண்டிய வெப்பத்தில் கணிசமான பங்கை அதுதான் சுமக்கிறது. பிஸ்டன் எஞ்சின் கணக்கில் சின்னக் கூலர் வைத்தால் மேலேறும்போதே முள் சிவப்புக்குப் போகும். புகைப்போக்கியில் வரும் வாயுவின் சூட்டுக்கு மெல்லிய தகடு சைலன்சர் தாங்காது. கியர் பெட்டி, எரிபொருள் குழாய், ஒயரிங், நீர்க்குழாய் எல்லாம் கொட்டகையில் கட்டியவரின் சொந்தத் தயாரிப்பு. வயலில் இறங்க நேர்ந்தால் கெட்ட பேர் மட்டும் ரோட்டரிக்கு.

இதற்கு மாறாக, ஜெர்மனியின் ஷ்லைஷர் நிறுவனம் தன் ஏஎஸ்எச் 26 இ மோட்டார் கிளைடரில் ஒற்றை ரோட்டர் எஞ்சினைத்தான் வைத்தது. சுமார் 50 குதிரைத்திறன். எஞ்சின் உடலுக்குள்ளேயே இருக்கும். பெல்ட்டில் ஓடும் புரொப்பல்லர் மட்டும் மேலே எழுந்து, உயரம் கிடைத்ததும் உள்ளே மடங்கிக்கொள்ளும். கூலரும் சைலன்சரும் தொழிற்சாலையிலேயே அந்த எஞ்சினுக்கென்று அளவெடுத்துச் செய்தவை.