எலி கடிக்காத ஆர்கன்: 'சைலன்ட் நைட்' பிறந்த கதை

'சைலன்ட் நைட்' பற்றிப் பேச்செடுத்தாலே முதல்ல வர்றது எலிக் கதைதான். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் ஊர் சர்ச் ஆர்கனோட துருத்தியை எலி கடிச்சிடுச்சு, அதனால பாதிரியார் அவசரமா ஒரு பாட்டு எழுதி கிட்டார்ல பாடினார்னு சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மெட்டுப் போட்ட ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1854-இல் எழுதி வைத்த குறிப்பில் எலியும் இல்லை, கெட்டுப்போன ஆர்கனும் இல்லை. உதவிப் பாதிரியார் ஜோசப் மோர் டிசம்பர் 24 அன்று ஒரு கவிதையைக் கொடுத்து மெட்டு கேட்டார், அன்னிக்கே போட்டுக் கொடுத்தேன், ராத்திரியே பாடினோம். அவ்வளவுதான்.

குரூபர் பக்கத்து ஊர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஏன் 36 வருஷம் கழிச்சு இதை எழுதணும்? பாட்டு அவரை விட்டு ரொம்ப தூரம் போயிருந்தது. ஆர்கன் ரிப்பேர் பண்ண வந்த கார்ல் மௌராக்கர் அதை டிரோல் பகுதிக்குக் கொண்டு போனார். அங்கிருந்த பாடகர் குடும்பங்கள் ஊர் ஊரா பாடினாங்க. 1839-இல் நியூயார்க்கிலேயே பாடிட்டாங்க. அச்சில் அது 'டிரோல் பாட்டு' ஆயிடுச்சு. பெர்லின் அரசவை இசைக்குழுவோ, இது மைக்கேல் ஹைடன் மெட்டானு கேட்டு அனுப்பினாங்க. கோடு ஓடுது, எழுதினவன் பேரு மட்டும் அழிஞ்சு போச்சுங்கற மாதிரி!

எலிக் கதை இன்னொன்றையும் மறைக்குது. 1995-இல் மோரின் கையெழுத்துப் பிரதி ஒன்று வெளிவந்தது. அதில் கவிதைக்கு அவரே போட்டிருக்கற வருஷம் 1816. அதாவது, அந்த வரிகள் அவசரத்துல பிறந்தவை இல்லை. நெப்போலியன் போர்கள் அப்போதான் முடிஞ்சிருந்தது. சால்ஸ்பர்க் பல கை மாறி, அந்த வருஷம்தான் ஆஸ்திரியாவுக்குப் போச்சு. சால்சாக் ஆறு எல்லைக்கோடு ஆனதுல, ஓபர்ன்டார்ஃப் எதிர்க்கரை லாவ்ஃபன் நகரத்திலிருந்து பிரிஞ்சது. தம்போரா எரிமலை வெடிச்சதோட விளைவா ஐரோப்பாவுக்கு அந்த வருஷம் கோடையே வரல; விளைச்சலும் போச்சு.

இந்தப் பின்னணியில நாலாவது சரணத்தைப் படிச்சுப் பாருங்க. உலகத்து மக்கள் எல்லாரையும் இயேசு சகோதரனா அணைச்சுக்கறார்னு மோர் எழுதியிருக்கார். என்னைக் கேட்டா, பாட்டோட உயிரே அங்கதான். ஆனா மொத்தம் ஆறு சரணத்துல இன்னிக்குப் பெரும்பாலும் பாடறது மூணுதான். அதுல இது கிடையாது.

மெட்டு ஒரு தாலாட்டு. தொட்டில் ஆடற மாதிரி ஆறெட்டுத் தாளம். ஒரு கிட்டாரும் இரண்டு குரலும் போதும், கடைசி வரிகளைக் கோரஸ் திருப்பிப் பாடும். அதனாலதான் 1914 கிறிஸ்துமஸுக்குப் பதுங்குகுழியில ஜெர்மன் சிப்பாய்களால வாத்தியமே இல்லாம இதைப் பாட முடிஞ்சது.

பெர்லின் கடிதம் வந்தப்போ மோர் உயிரோட இல்லை. 1848-லயே காசில்லாம செத்துப் போயிட்டார். அவர் முகம் காட்டற நம்பகமான படம் ஒண்ணுகூட இல்லை. சிலை செய்யறதுக்காக 1912-இல் கல்லறையைத் தோண்டி அவரோட மண்டையோட்டை எடுத்தாங்க. அது இப்போ ஓபர்ன்டார்ஃப் நினைவுச் சிற்றாலயத்தின் சுவருக்குள்ள இருக்கு.